கம்பியில் படாமல்

என் வீட்டுக்காரர் ஒரு மியூசியத்தில் ஃபிட்டர். மியூசியம் என்றதும் கண்ணாடிப் பெட்டிக்குள் எலும்புக்கூடும் பழைய வாளும் இருக்கும் இடம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இது விஞ்ஞான மியூசியம். "தொடாதே" என்ற பலகையே அங்கே கிடையாது. பார்த்த இடமெல்லாம் "தொட்டுப் பார், இழுத்துப் பார், சுற்றிப் பார்" என்றுதான் எழுதியிருக்கும். பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்? தொடுவார்கள், இழுப்பார்கள், தொங்குவார்கள், சிலது கடித்தும் பார்க்கும். ஆக தினமும் ஏதாவது ஒன்று உடையும். உடைந்ததைச் சரிசெய்வதுதான் அவர் வேலை. பத்தொன்பது வருஷமாக அதைத்தான் செய்கிறார்.

பயந்த சுபாவம் அவருக்கு. குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். வெளியே கிளம்பினால் கேஸை மூடியாச்சா என்று மூன்று தரம் உள்ளே போய்ப் பார்ப்பார். பூட்டைப் பிடித்து ஏழு தரம் இழுப்பார். "எட்டாவது தரம் இழுத்தீங்கன்னா பூட்டு கையோட வந்துடும், திருடனுக்கு வேலை மிச்சம்" என்பேன். சிரிக்கமாட்டார். இன்னொரு தரம் இழுப்பார். இப்படிப்பட்ட மனுஷனுக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தது என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்வேன். வீட்டில் காட்டவேண்டிய பயத்தில் பாதியை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வருவார்.

மியூசியம் திறப்பது பத்து மணிக்கு. அவர் எட்டு மணிக்கே போய்விடுவார். மூன்று கூடத்திலும் சேர்த்து நூற்றுப் பன்னிரண்டு கருவிகள். ஒவ்வொன்றையும் தன் கையாலேயே இயக்கிப் பார்ப்பார். காற்றில் மிதக்கும் பந்தைத் தட்டிப் பார்ப்பார். சுழல் மேடையில் தானே ஏறி ஒரு சுற்று சுற்றுவார். இங்கே கிசுகிசுத்தால் அந்தக் கோடியில் கேட்கும் பெரிய கிண்ணத்துக்கு முன்னால் நின்று "ஹலோ, ஹலோ" என்பார். அந்தக் கோடியில் பெருக்கிக்கொண்டிருக்கும் அம்மா "கேக்குது, கேக்குது" என்று கத்துவார். ஸ்கேல், மீட்டர் எல்லாம் அலமாரியில் தூங்கும். "என் கைக்குச் சரியா இருந்தா எல்லார் கைக்கும் சரியா இருக்கும்" என்று அவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார், எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். ஒரு கருவி தயார் என்பதற்கு அங்கே "கை வெச்சாச்சு" என்பார்கள். ஃபிட்டர் கை வைத்துப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள்.

அந்தக் கைதான் நடுங்க ஆரம்பித்தது.

இதை இப்போது ஒரே வரியில் சொல்லிவிட்டேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. இரண்டரை வருஷம் ஒரே வீட்டில், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். நான் எந்த உலகத்தில் இருந்தேனோ! அவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அவருடைய அண்ணனுக்கு இப்படித்தான் தொடங்கியது. முதலில் விரல், அப்புறம் கை, நாலாம் வருஷம் படுக்கை. கடைசி வரைக்கும் அண்ணனுக்கு ஸ்பூனால் ஊட்டியது தம்பியாகிய இவர்தான். தனக்கும் அதுவேதான் என்று இவர் முடிவு கட்டிவிட்டார். அதோடு இன்னொன்று, ஃபிட்டருக்குக் கை போனால் பிழைப்பே போச்சு. இந்த இரண்டு பயத்தையும் ஒரு ஜீவனிடமும் சொல்லாமல் வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார், பாவி மனுஷன்.

பார்க்கத் தெரிந்தவளுக்கு வீடு முழுக்க அடையாளம் இருந்தது. டீயைப் பாதி டம்ளர் போதும் என்றார். "சர்க்கரைக்கு பயந்துட்டீங்களா?" என்று சிரித்தேன். முன்பட்டன் சட்டைகளை மூட்டை கட்டிப் போட்டுவிட்டுக் கழுத்து வழியாகப் போடும் பனியன் சட்டையாக வாங்கினார். "வயசு திரும்புதோ?" என்று கேலி செய்தேன். ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னால் "கண்ணாடி மாத்தணும்" என்பார். கொரியர்காரர் வந்தால் "நீயே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோ" என்று பாத்ரூமுக்குள் போய்விடுவார். சோம்பேறித்தனம் என்று நினைத்து வாய்க்கு வந்தபடி திட்டியும் இருக்கிறேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

என் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூட பஸ்ஸில் ஆயா. ஏற்றுவது, இறக்குவது, சண்டையை விலக்குவது, வாந்தியைத் துடைப்பது. எல்லாவற்றுக்கும் மேலே, தலையை எண்ணுவது. எனக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் மியூசியத்தில் கூட்டம் அலைமோதும். அவருக்கு விடுமுறை திங்கட்கிழமை, அன்று மியூசியமே பூட்டியிருக்கும். அதனால் பத்தொன்பது வருஷத்தில் நான் அந்த வாசலை மிதித்ததில்லை. பெரிதாக ஆசைப்பட்டதும் இல்லை. ஸ்க்ரூவும் நட்டும் என் வீட்டு அலமாரியிலேயே போதுமானது இருக்கிறது.

இப்படி இருக்கும்போது ஒருநாள் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா அறிவித்தார்கள். நான் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"வர்ற வெள்ளிக்கிழமை உங்க மியூசியத்துக்குத்தான் வர்றோம்."

அவர் முகம் செத்துப்போயிற்று.

"யாரு வர்றது?"

"நாங்கதான். மூணாங் கிளாஸ் பிள்ளைங்க நாப்பது பேரு, கணக்கு டீச்சர், நான்."

"நீ எதுக்கு?"

"நான் எதுக்கா? பிள்ளைங்க தானா ஏறி தானா எறங்கிடுமா? நல்லா கேட்டீங்க!"

"இல்ல... முழங்கால் வலிக்குதுன்னியே. அங்க நடந்து மாளாது. வேற யாரையாவது அனுப்பச் சொல்லேன்."

முழங்கால் வலி என்று நான் சொன்னது போன வருஷம். அன்றைக்கு ஒரு தைலம் வாங்கித் தராதவருக்கு இன்றைக்கு எங்கிருந்து வந்தது இந்தக் கரிசனம்? வியாழக்கிழமை வரைக்கும் நாலு தரம் கேட்டார். எத்தனை மணிக்கு வருவீங்க, முதல்ல எந்தக் கூடம், மேல்மாடிக்கு வருவீங்களா, வரவேண்டாமே, மேலே ஒண்ணும் இல்லை. இந்த மனுஷன் அங்கே என்னத்தையோ மறைக்கிறார். வேலையை விட்டு எடுத்துவிட்டார்களோ, தினமும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பார்க்கில் போய் உட்கார்கிறாரோ என்றுகூட நினைத்தேன். இன்னொரு பெண்பிள்ளையோ என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. பூட்டை ஏழு தரம் இழுக்கிறவருக்கு அதற்கெல்லாம் எங்கே தைரியம் என்று நானே அதை அழித்துவிட்டேன். ஆனால் தூக்கம் மட்டும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை போய் இறங்கினோம். பிள்ளைகளுக்கு மஞ்சள் தொப்பி மாட்டியிருந்தோம், கூட்டத்தில் தெரிய வேண்டும் என்று. பார்த்தால் இன்னொரு பள்ளிக்கூடமும் மஞ்சள் தொப்பியோடு வந்து நிற்கிறது! கணக்கு டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் எண்ண ஆரம்பித்தவள்தான், நிறுத்தவே இல்லை. உள்ளே நுழைந்ததும் கண்ணாடிகள். ஒன்றில் நான் பனைமரம், அடுத்ததில் பூசணிக்காய். பிள்ளைகள் கண்ணாடிக்குள் எட்டாகவும் பதினாறாகவும் தெரிகிறார்கள், அங்கே போய் எப்படி எண்ணுவது? ஒருத்தன் சோப்புக் குமிழிக்குள் நிற்கிறான். ஒருத்தி சுவரில் தன் நிழலை ஒட்டிவைத்துவிட்டு அதற்கு டாட்டா காட்டுகிறாள். ஒரு பக்கம் மணி அடிக்கிறது, ஒரு பக்கம் பந்து உருண்டு உருண்டு கீழே விழுகிறது, எல்லாப் பக்கமும் கூச்சல். எனக்குப் பிள்ளைகள் மேல் ஒரு கண், அவரைத் தேடி ஒரு கண். அவரைக் காணோம்.

மேல்மாடியில் ஒண்ணும் இல்லை என்றாரே, அங்கேதான் கூட்டம் நின்றது. கம்பி விளையாட்டு. பலகைமேல் ஒரு பித்தளைக் கம்பி, மேலேறி, கீழிறங்கி, சுருண்டு, கோணிக்கொண்டு போகும். அதைச் சுற்றி ஒரு வளையம், பிடித்துக்கொள்ள மரக் கைப்பிடி. கம்பியில் படாமல் வளையத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கொண்டுபோக வேண்டும். பட்டால் "ர்ர்ர்" என்று அலறும், சிவப்பு பல்பு எரியும். என் பிள்ளைகள் வரிசையில் நின்று ஒவ்வொருத்தராகக் கொண்டுபோனார்கள். ஒருத்தன் கொண்டுபோனான், அலறவில்லை. அடுத்தவள், அலறவில்லை. பதினைந்து பேர் போயும் ஒரு சத்தம் இல்லை.

என் பஸ்ஸில் ஒரு சிறுமி இருக்கிறாள். வாயை மூடவே மாட்டாள் என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்திருக்கிறோம். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஆயாம்மா, இது போங்கு. எல்லாருமே ஜெயிக்கறாங்க. எங்கக்கா வந்தப்போ ஒருத்தர்கூட ஜெயிக்கலியாம், அவ்ளோ கஷ்டமாம். இதுல என் தலையே போகும் ஆயாம்மா."

தலை போகுமா போகாதா என்று சோதிக்கப் போனவளைப் பிடித்து நிறுத்திவிட்டு வளையத்தைக் கையில் எடுத்தேன். தலை போகாது, ஆனால் என் முழங்கை தாராளமாகப் போகும். ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். பிள்ளைகள் கையைக் கீறிவிடக்கூடாது என்று அரம் போட்டு மழமழவென்று ராவியிருந்தது. அந்த ராவலை எனக்குத் தெரியாதா? என் வீட்டு ஜன்னல் கொக்கி முதல் அரிவாள்மனைக் கட்டை வரைக்கும் அவர் ராவியதுதான். இவ்வளவு பயந்த மனுஷன் எதற்கு விளையாட்டே இல்லாமல் போகிற அளவுக்கு ஒரு வளையம் செய்து மாட்டினார்?

அப்போதுதான் அந்த அதிகாரியம்மா வந்தார். மூன்று மாதம் முன்னால் புதிதாக வந்தவர் என்று வீட்டில் இவர் சொல்லியிருக்கிறார். ஒரு கையில் ஸ்டீல் ஸ்கேல், இன்னொரு கையில் கொஞ்சம் சீட்டுகள். வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள், எது பிடித்தது எது பிடிக்கவில்லை என்று பிள்ளைகள் எழுதிப் போடலாம். "கம்பி விளையாட்டு ஒரே போர்" என்றே எல்லாச் சீட்டிலும் இருந்திருக்கிறது. அவர் குனிந்து வளையத்தை அளந்தார், கையில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார், மறுபடி அளந்தார்.

"ஃபிட்டரைக் கூப்பிடுங்க" என்றார்.

வந்தார். என்னைப் பார்த்துவிட்டார். வலது கை உடனே பேன்ட் பைக்குள் போய்விட்டது.

"இந்த வளையத்தை யாரு மாத்தினது?"

"நான்தான் மேடம்."

"வரைபடத்துல இருபத்தஞ்சு மில்லிமீட்டர்னு இருக்கு. இது தொண்ணூறு. ஏன் மாத்தினீங்க?"

"சின்னப் பிள்ளைங்க தோத்துட்டு அழுதாங்க மேடம்."

"நாங்க அழல!" என்றாள் ரேடியோ. யாராவது கேட்டார்களா அவளை?

அதிகாரியம்மா கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "சரி, பழைய வளையம் இருக்கா? அதைப் போட்டு கை வெச்சுக் காட்டுங்க. பிள்ளைங்களும் பாக்கட்டும்" என்றார்.

அவர் பையிலிருந்து கையை எடுத்தே ஆகவேண்டும். எடுத்தார். கருவிப் பையைத் திறந்து சின்ன வளையத்தை எடுத்தார். கைப்பிடியில் இரண்டு ஸ்க்ரூ, கடுகளவு. திருப்புளியை ஸ்க்ரூ தலையில் வைக்கப் போனார். வைக்க முடியவில்லை. திருப்புளி கைப்பிடியில் டிக்டிக்டிக் என்று தட்டுகிறது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் தட்டுகிறது. ஒரு ஸ்க்ரூ நழுவித் தரையில் விழுந்து ஓடியது. பின்வரிசையில் ஒரு பொடியன் "அங்கிள் கை டான்ஸ் ஆடுது!" என்றான். எல்லாம் கொல்லென்று சிரித்தன.

பாதி டம்ளர் டீயும் பட்டன் இல்லாத சட்டையும் கோக்காத ஊசியும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அவர் அண்ணனின் கை கண் முன்னால் வந்து நின்றது. அட கடவுளே, இதுவா? இதையா இவ்வளவு நாள் மறைத்தார்? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் எப்படியோ கால் ஓடியது. போய்க் குனிந்து ஸ்க்ரூவைப் பொறுக்கினேன். அவர் கையிலிருந்து திருப்புளியை வாங்கினேன். நானே முடுக்கினேன்.

"நீங்க யாரும்மா?" என்றார் அதிகாரியம்மா.

"பஸ் ஆயா மேடம். இவர் வீட்டுக்காரி." வாய் அதுபாட்டுக்கு மேலே பேசியது. "அவருக்கு ரெண்டு நாளா ஜுரம் மேடம். லீவு போடுங்கன்னு நான்தான் சொன்னேன், கேக்கல. அதான் கை லேசா..."

"ஜுரம் இல்ல மேடம்" என்றார் அவர்.

நான் அவரைப் பார்த்தேன். நாற்பது பிள்ளைகள், இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு டீச்சர். இத்தனை பேர் முன்னால், தெருவில் ஒருத்தன் வழி கேட்டாலே தடுமாறுகிற அந்த மனுஷன் பேசினார்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு மேடம். எனக்குத்தான் ரிப்பேர். காலையில கை வெக்கும்போது இது அலற ஆரம்பிச்சுது. கம்பி கோணிடுச்சுன்னு நெனச்சு நிமித்தினேன். ஒயரை மாத்தினேன். பலகையவே கழட்டி மாட்டினேன். ரெண்டு மாசம் மிஷின் மேலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் வளையத்தைக் கொஞ்சம் பெருசாக்கினேன், அலறல. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி அலறிச்சு. மறுபடி பெருசாக்கினேன். என் கைக்கு சரியா வர்ற வரைக்கும் பெருசாக்கிக்கிட்டே வந்துட்டேன் மேடம்."

சிரித்த பிள்ளைகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டன. என்ன புரிந்ததோ தெரியவில்லை, பெரியவர் ஒருத்தர் தப்பை ஒத்துக்கொண்டு நிற்பது அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்கும்.

அதிகாரியம்மா வரைபடத்தைச் சுருட்டினார். "இது ஒண்ணுதானா? வேற எதையாவது இப்படி மாத்தியிருக்கீங்களா?" என்றார்.

"பதினாலு மேடம்."

"பதினாலா!"

"விளக்கு எரிஞ்சதும் பட்டனை அழுத்தறது... நேரத்தைக் கூட்டி வெச்சிருக்கேன். கட்டையை அடுக்கறதுல கட்டைக்கு அடியில ரப்பர் ஒட்டியிருக்கேன். ஊசித்துளையில மணி போடறது..." அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். ஒரு மனுஷன் தன் கைக்கு ஏற்றபடி ஒரு மியூசியத்தையே தளர்த்தி வைத்திருக்கிறார். வருகிற பிள்ளைகள் எல்லாம் இரண்டரை வருஷமாக ஜெயித்து ஜெயித்துச் சலித்துப்போய் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

"எல்லாத்தையும் எழுதிக் குடுங்க" என்றார் அதிகாரியம்மா. குரல் இறங்கியிருந்தது. "செவ்வாய்க்கிழமை டாக்டர் சீட்டோட என்னை வந்து பாருங்க. முடிவு அப்புறம் சொல்றேன். அதுவரைக்கும் நீங்க எதுலயும் கை வெக்க வேண்டாம்."

அவர் தலையை ஆட்டினார். பத்தொன்பது வருஷத்தில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது, நான் பார்த்தேன்.

இதற்குள் ரேடியோ சின்ன வளையத்தைக் கையில் எடுத்துவிட்டாள். முதல் வளைவிலேயே "ர்ர்ர்". துள்ளிக் குதித்தாள். "நான் தோத்துட்டேன்! நான் தோத்துட்டேன்!" அவ்வளவுதான், மொத்த மூணாங் கிளாஸும் தோற்பதற்காக முண்டியடித்துக்கொண்டு வரிசையில் நின்றது. ஒவ்வொரு "ர்ர்ர்"க்கும் ஒரு ஆரவாரம். எனக்கு மட்டும் அந்தச் சத்தம் வேறு மாதிரி கேட்டது. இதைத்தானே இவர் தினமும் காலையில், பெருக்குகிற அம்மாவைத் தவிர ஒருத்தரும் இல்லாத கட்டிடத்தில், தனியாக நின்று கேட்டிருக்கிறார்.

புறப்படும்போது பஸ்ஸில் எண்ணினேன். முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்பது. கணக்கு டீச்சரும் எண்ணினார், கணக்கு மாறவில்லை. புருஷனை நினைத்துக்கொண்டு பிள்ளையைத் தொலைத்துவிட்டேனே பாவி என்று இறங்கி ஓடினால், வாசல் படியில் அவர் வருகிறார். ரேடியோ அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். என்னிடமிருந்து இரண்டரை வருஷம் ஒளித்து வைத்த கையை அந்தக் குட்டி சர்வ சாதாரணமாகப் பிடித்து ஆட்டிக்கொண்டு வருகிறது.

"ஆயாம்மா, அங்கிளும் நானும் போட்டி வெச்சோம். அங்கிளும் தோத்துட்டாங்க!"

"ஏறுடி பஸ்ல" என்றேன். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அழுதிருப்பேன், நாற்பது பிள்ளைகள் முன்னால் ஆயா அழக்கூடாது.

வீட்டுக்குப் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"நான் செத்தா போயிட்டேன்? என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொல்லலாம்னுதான்..."

"எப்போ? நான் ஊட்டி விடும்போதா?"

அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. என் வாய் அப்படி. அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

"சொல்லிட்டா நெஜமாயிடும்னு பயம். சொல்லாத வரைக்கும் அது மிஷின் ரிப்பேர் மாதிரிதான் இருந்துச்சு."

அவர் மியூசியத்துக்குப் போகவில்லை. சனி சாயங்காலமும் ஞாயிறும் வீட்டில் இரண்டு பேரும் பூனை மாதிரி நடந்தோம்.

திங்கட்கிழமை காலை நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவரை நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் எல்லாம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கூட இருக்கறவங்க சொன்னாத்தான் சரியா இருக்கும். எப்போலேர்ந்து கை ஆடுது? முதல்ல எப்போ கவனிச்சீங்க? எவ்வளவு வேகமா கூடியிருக்கு?"

இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தினவள் நான். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

இவர் தன் பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் ஏழு பித்தளை வளையங்கள் கோத்திருந்தன, ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் பெரிதாக. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஆணியால் தேதி கீறியிருந்தது.

"இந்தத் தேதியில இந்த அளவுல கம்பியில படாம கொண்டுபோக முடிஞ்சுது டாக்டர். அப்புறம் முடியல. அடுத்தது இது. அப்புறம் இது."

டாக்டர் அவற்றைக் கழற்றி வரிசையாகப் பரப்பினார். ஒரு ஸ்கேலை எடுத்து ஏழையும் அளந்து எழுதிக்கொண்டார். "முப்பது வருஷத்துல எனக்கு யாரும் இப்படி ஒரு ரிப்போர்ட் கொண்டு வந்ததில்ல" என்றார். சிரிப்பாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. நான் முதல் வளையத்தின் தேதியைப் படித்தேன். என் தம்பி வீட்டு விசேஷத்துக்கு முதல் வாரம். அந்த விசேஷத்தில் இவர் தட்டைக் கீழே போட்டதற்காக அத்தனை உறவு முன்னாலும் இவரை நான் திட்டியிருக்கிறேன்.

"ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கோங்க. சும்மா தளர்வா" என்றார் டாக்டர்.

வைத்துக்கொண்டார். மூன்று பேரும் அந்தக் கைகளையே பார்த்தோம். சுவர்க் கடிகாரம் கேட்டது. கைகள் ஆடவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று, ஆடவில்லை.

"அண்ணனுக்கு எப்படி இருந்துச்சு? இப்படிச் சும்மா வெச்சிருக்கும்போது?"

"ஆடிக்கிட்டே இருக்கும் டாக்டர். எதையாவது எடுக்கப்போனா அப்போ கொஞ்சம் நிக்கும்."

"உங்களுக்கு நேர் எதிர். வேலை செய்யும்போது ஆடுது, சும்மா இருந்தா நிக்குது. நடையும் நல்லா இருக்கு, கை கால் இறுகல. இது அண்ணனுக்கு வந்தது இல்லன்னுதான் எனக்குத் தோணுது. தோணுதுன்னுதான் சொல்றேன். ரத்தம், ஸ்கேன் எல்லாம் பாத்துட்டுத்தான் முடிவா சொல்வேன். மாத்திரை தர்றேன். கொறையும். முழுசா நின்னுடும்னு சொல்லமாட்டேன்."

"வேலைக்குப் போகலாமா டாக்டர்?" என்று கேட்டார் அவர்.

"போங்க. ஆனா கரண்ட் வேலை, நுணுக்கமான வேலை இப்போதைக்கு வேண்டாம். அப்படியே எழுதித் தர்றேன், உங்க மேலதிகாரி என்ன சொல்றாங்களோ பாருங்க. தினமும் கை எப்படி இருக்குன்னு குறிச்சு வெச்சு மூணு மாசம் கழிச்சு எடுத்துட்டு வாங்க."

"சரிங்க டாக்டர். புதுசா ஒரு வளையம் செஞ்சு, வீட்டுலயே ஒரு கம்பி மாட்டி, காலையில அளந்து..."

நான் மேசைமேல் இருந்த ஏழு வளையங்களையும் வாரி என் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம். நான் பாத்து எழுதறேன்" என்றேன்.

"உனக்கு எதுக்கு சிரமம்?"

"கையைக் காட்டுங்க."

"இங்கயேவா?"

"இங்கயேதான். காட்டுங்கன்னா!"

டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுவதில் குனிந்துகொண்டார். என் வீட்டுக்காரர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் வலது கையை என் முன்னால் நீட்டினார். விரல்கள் ஆடின. கொஞ்சமில்லை, நன்றாகவே ஆடின. அவர் இழுத்துக்கொள்ளவில்லை. நானும் பார்வையை எடுக்கவில்லை.